நாளைக்குப் போகலாம்!



உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கையில் கொடுக்கும்போது ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி, "இதன் மீச்சிற்றளவு என்ன?" என்பதுதான். ஒரு கருவி எவ்வளவு சிறிய மாற்றத்தைக் காட்டும் என்று தெரியாமல் அதை நம்பி அளக்கக் கூடாது. பள்ளியில் உள்ள வெர்னியர் 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும். திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். சரி, நம் உடம்பில் ஏற்படும் மாற்றங்களை எந்தக் கருவியால் அளக்கிறோம்? கண்ணால், விரலால், நாக்கின் நுனியால். எல்லாவற்றிற்கும் மேலாக, வலியால். இந்தக் கருவிகளின் மீச்சிற்றளவு என்ன?

வேடிக்கைக்காக இதைக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை நான் உரிய காலத்தில் கேட்காமல் விட்டதால் எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம். புற்றுநோயின் அறிகுறி தோன்றிய பிறகும் மக்கள் ஏன் மருத்துவரிடம் போகாமல் வாரக்கணக்காக, மாதக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள்? "அறியாமை" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அத்தையின் கன்னத்தில் ஒரு புண்

2009ஆம் ஆண்டு சித்திரை மாதம். என் அத்தை முசிறிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தார். காவிரியை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்கால் பகுதி அது. வெற்றிலை பாக்குடன் ஒரு கிள்ளுப் புகையிலையையும் சேர்த்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வது அவருடைய நாற்பதாண்டு வழக்கம். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்தச் செய்தி எங்கள் கொடிக்காலுக்கு வந்து சேரவில்லை.

அந்தச் சித்திரையில் அவருடைய இடது கன்னத்தின் உட்புறம் ஒரு சிறு புண் தோன்றியது. "சுண்ணாம்பு கூடிப்போச்சு தம்பி, வாய் வெந்துபோச்சு" என்றார். நியாயமான விளக்கம்தானே? சுண்ணாம்பு கூடினால் வாய் வேகும் என்பது வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரிந்த உண்மை. புகையிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். வைகாசியில் "உடம்பு சூடு" என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டார். ஆனியில் மருந்துக் கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக்கொண்டார்.

ஆடியில் நான் ஊருக்குப் போயிருந்தேன். குழம்பை ஒதுக்கிவைத்துவிட்டு மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "புண் வலிக்கிறதா அத்தை?" என்றேன். "வலியெல்லாம் இல்லை தம்பி. காரம்தான் ஒத்துக்கமாட்டேங்குது" என்றார். வலி இல்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரியில் அளவைகளைப் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தவன் நான்! என் சட்டைப் பையில் இருந்த கைப்பேசியில் ஒரு சிறு விளக்கும் இருந்தது. அதை எரியவிட்டு அவர் வாய்க்குள் ஒரு முறை பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் பேத்திக்குக் கல்யாணம். புரட்டாசியில் கடைவாய்ப் பல் ஒன்று உராய்வதால்தான் புண் ஆறவில்லை என்று முடிவாகி, அந்தப் பல் பிடுங்கப்பட்டது. ஐப்பசியில் தீபாவளி, அடைமழை. கார்த்திகைக் கடைசியில் பல் துலக்க வாய் திறந்தபோது விரல் உள்ளே போகவில்லை. கன்னம் வெளியே தெரியும்படி வீங்கியிருந்தது. அன்றுதான் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையே ஏறத்தாழ 230 நாட்கள்.

இந்த 230 நாட்களில் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அத்தை செய்த முடிவு பைத்தியக்காரத்தனமானதா? இல்லை. நேற்றைவிட இன்று புண் பெரிதாகத் தெரியவில்லை; வலியும் இல்லை; வீட்டில் வேலை இருக்கிறது; ஆகவே, நாளைக்குப் போகலாம். ஒவ்வொரு நாளும் சரியாகத் தோன்றிய முடிவுகள் சேர்ந்து தவறான கூட்டுத்தொகையைத் தந்துவிட்டன. இங்கேதான் கணக்கு வருகிறது.

விட்டமும் கன அளவும்

புற்றுநோய் ஒரு தனிச் செல்லில் தொடங்குகிறது. கட்டுப்பாட்டை இழந்த அந்தச் செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. பெருக்குத் தொடர் உங்களுக்குத் தெரியும். முப்பது முறை இரட்டித்தால் 2-இன் அடுக்கு 30, அதாவது 107 கோடிக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ அத்தனை செல்கள் சேர்ந்தால்தான் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, ஒரு கிராம் எடையுள்ள கட்டியாகிறது. நம் விரலுக்கும் கண்ணுக்கும் தட்டுப்படுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். இன்னும் பத்தே பத்து முறை இரட்டித்தால் அது ஒரு கிலோ! அதை உடம்பு தாங்காது. நாற்பது படி உள்ள ஏணியில் முதல் முப்பது படிகள் இருட்டில் இருக்கின்றன. வெளிச்சம் உள்ள பத்துப் படிகளில்தான் நாம் ஏதாவது செய்ய முடியும். அதில் ஒரு படியை வீணாக்குவதும் பெரிய இழப்புதான்.

ஒரு கட்டி இரட்டிக்க 100 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (எல்லாக் கட்டிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில விரைவாக, சில மிக மெதுவாக வளரும். பெரிதாகப் பெரிதாக வேகம் குறைவதும் உண்டு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக இந்த எண்.) 100 நாளில் இரட்டிப்பது எது? கட்டியின் கன அளவு. ஆனால் நம் கண் பார்ப்பது எதை? விட்டத்தை! கோளத்தின் கன அளவு விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. 1.26 என்ற எண்ணை அதனாலேயே மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.26 × 1.26 × 1.26. விடை 2 வரும். அதாவது, கட்டி இரு மடங்காகும்போது அதன் விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12.6 மில்லிமீட்டர்தான் ஆகிறது. 100 நாளில் 2.6 மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு 0.026 மில்லிமீட்டர். வெர்னியருக்குக்கூட இது அகப்படாது. திருகு அளவிதான் வேண்டும். வாய்க்குள் இருக்கிற புண்ணைத் தினமும் நாக்கால் தடவிப் பார்த்து "நேற்று இருந்த மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கருவியின் மீச்சிற்றளவு அவ்வளவுதான்.

230 நாளில் கன அளவு என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் விட்டம் இரண்டு மடங்குகூட ஆகாது. வாய்ப்புண் கோளவடிவக் கட்டி இல்லை. அது பரவலாகவும் ஆழமாகவும் வளரும். கணக்கின் எண்கள் மாறும். அதன் போக்கு மாறாது.

சிறு மாற்றத்தை மனிதப் புலன்கள் தவறவிடும் என்பதை 1830களிலேயே ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் வேபர் எடைகளைக் கையில் தூக்கவைத்துச் சோதித்துக் காட்டினார். கையில் 100 கிராம் இருக்கும்போது 10 கிராம் கூடினால் உணர்கிறோம். ஐந்து கிலோ அரிசிப் பையில் அதே 10 கிராம் கூடினால் உணர்வதில்லை. மாற்றத்தின் அளவை அல்ல, ஏற்கெனவே உள்ளதோடு அதன் விகிதத்தைத்தான் உணர்கிறோம். இதில் இன்னொரு சிக்கல் உண்டு: நாம் ஒப்பிடுவது நேற்றோடு! சித்திரையில் இருந்த புண்ணோடு கார்த்திகைப் புண்ணை ஒப்பிட்டிருந்தால் அத்தை பதறிப்போயிருப்பார். ஐப்பசியோடு ஒப்பிட்டார், பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வலி நல்ல காவலாளியா?

காலில் முள் குத்தினால் உடனே வலிக்கிறது. பல்லில் சீழ் கட்டினால் இரவு தூக்கம் இல்லை. பல் வலி வந்த மனிதர் எதையும் தள்ளிப்போட மாட்டார். நள்ளிரவில்கூட மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சீழ் கட்டும்போது அழற்சி ஏற்பட்டு, அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. மூடிய இடத்தில் அழுத்தமும் சட்டென்று ஏறுகிறது. அதனால் வலிக்கிறது.

புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அந்நியக் கிருமி எதுவும் உள்ளே நுழையவில்லை. நம்முடைய செல்களே மெல்ல மெல்லப் பெருகுகின்றன. பக்கத்துத் திசு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கட்டி ஒரு நரம்பைத் தொடும்வரை, ஓர் எலும்பை அரிக்கும்வரை, ஒரு பாதையை அடைக்கும்வரை வலிக்க வேண்டிய காரணமே இல்லை. மார்பில் தட்டுப்படும் வலியில்லாத கட்டியை "வலிக்கவில்லையே, ஒன்றும் இருக்காது" என்று விட்டுவிடும் தாய்மார்கள் பலர். வலியில்லாமை அங்கே நற்சான்றிதழ் ஆகாது. (வலித்தால் புற்றுநோய் இல்லை என்றும் பொருள் கொள்ளாதீர்கள்!) வலி என்பது தீயைக் கண்டால் மட்டும் குரைக்கிற நாய். திருடன் வந்தால் அது குரைக்காது.

மூன்று கதவுகள்

இந்தத் தாமதத்தை மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். 1938இல் நியூயார்க்கைச் சேர்ந்த பேக், கேலோ என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் அறிகுறிக்கும் மருத்துவரிடம் போவதற்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் அது நோயாளியின் தாமதம் என்று அவர்கள் வரையறுத்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே தாமதம் யாருடைய குற்றம் என்று கேட்டிருந்தார்கள். குற்றம் என்ற அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. குற்றவாளியைத் தேடினால் காரணம் ஒளிந்துகொள்ளும். அத்தையைக் குற்றவாளி என்றால், விளக்கைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்த நான் யார்?

1979இல் அமெரிக்காவில் சேஃபர், லெவென்தால் முதலியோர் மருத்துவமனைக்கு வந்தவர்களிடமே பேசிப்பார்த்து, தாமதத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். இது எனக்குப் பிடித்தது. முதல் கதவு: "இது நோயா, இல்லையா?" இரண்டாம் கதவு: "நோய்தான், ஆனால் மருத்துவரிடம் போக வேண்டிய நோயா?" மூன்றாம் கதவு: "போகத்தான் வேண்டும்; எப்போது?" ஒவ்வொரு கதவுக்கும் பூட்டு வேறு, சாவியும் வேறு.

முதல் கதவைத் திறப்பது பெரும்பாலும் வலியும் இரத்தமும். அவை இல்லாவிட்டால் மனிதர்கள் அங்கேயே நெடுநாள் நின்றுவிடுகிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் இந்த முதல் கட்டத்தில்தான் நாட்கள் மிக அதிகமாகக் கழிகின்றன என்று காட்டின. அத்தையின் சுண்ணாம்பு, உடம்புச் சூடு, உராயும் பல் எல்லாம் முதல் கதவில் போட்ட பூட்டுகளே. நம் மனம் ஒரு புதிய அறிகுறியைக் கண்டால் பழைய, பழகிய விளக்கத்தைத்தான் முதலில் தேடும். அதில் தவறில்லை, வாய்ப்புண்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரணப் புண்களே, பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். விளக்கம் பொய்த்த பிறகும், அதாவது புண் ஆறாதபோதும், இன்னொரு பழகிய விளக்கத்தைத் தேடிப் போகிறோமே, அங்கேதான் இடறுகிறோம்.

இரண்டாம் கதவின் பூட்டு அச்சம். நோய் எதுவாக இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்து நடுங்கியவர்கள் விரைந்து ஓடி வரவில்லை, மாறாக இன்னும் தாமதித்தார்கள் என்பது அந்த 1979 ஆய்வில் கண்ட உண்மை. விந்தையாக இருக்கிறதா? தேர்வு முடிவைப் பார்க்கப் பயந்து ஒரு நாள் முழுதும் வெளியே சுற்றிய அண்ணனையோ அக்காளையோ நீங்கள் பார்த்ததில்லையா? பார்க்காதவரை தோல்வி உறுதியாகவில்லை! நம் ஊரில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். "பெரிய வியாதி" என்பார்கள். "அந்த நோய்" என்பார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணித் தனித் தம்ளர் வைத்த வீடுகளும் உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாய்க்கு இந்த நோய் என்று வெளியே தெரியக் கூடாது என்று மறைப்பார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று நான் ஏளனம் செய்யமாட்டேன். அது ஒரு காலத்தில் சரியாக இருந்த அளவீடு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் மருத்துவர். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியாத காலம் அது. அந்தத் துயரத்தை மறக்காத அவர் பிற்காலத்தில் பெரும்பாடுபட்டு, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். மூன்றாண்டு கழித்து, 1957இல், அங்கே கோபால்ட்-60 கதிர் மருத்துவக் கருவி வந்தது. மறு ஆண்டு முதல் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பாட்டிமார் மனத்தில் பதிந்திருப்பது அந்தக் கருவிக்கு முந்திய காலம். கருவி மாறிவிட்டது, அட்டவணையை மாற்ற யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் கதவின் பூட்டு பணமும் பொழுதும். தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு மருத்துவமனை என்பது ஒரு நாள் வேலை இழப்பு இல்லை. முதல் நாள் சீட்டு எழுதி வரிசையில் நிற்க வேண்டும். மறுநாள் இரத்தப் பரிசோதனை. அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவு அதில் கிடைக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு முன்னால் நான்கு நாள் பேருந்துக் கட்டணத்தையும் நான்கு நாள் கூலியையும் யார் கொடுப்பார்? இன்றைக்கு இழப்பது உறுதி. நாளைக்கு வரப்போவது உறுதியில்லை. இந்த நிலையில் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பவரை அறிவில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் என்றால் துணைக்கு யார் வருவது, பிள்ளைகளுக்கு யார் சமைப்பது என்ற கேள்விகளும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவரே தாமதப்படுத்துவதும் உண்டு. களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி பார்க்காத மருத்துவர்கள் இருக்கிறார்கள். "ஆறாவிட்டால் எத்தனை நாளில் திரும்ப வரவேண்டும், ஐயா?" என்று கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

காக்கையும் பனம்பழமும்

மருத்துவமனையில் அத்தையின் கன்னத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், "கத்தி பட்டால் பரவிடும்" என்றார். அவருடைய நாத்தனாருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். கத்தி வைத்து மூன்றே மாதத்தில் போய்விட்டாராம். இந்தப் பேச்சினால் மேலும் மூன்று வாரம் போயிற்று.

அறிவியல் மாணவராக இதை ஆராய்ந்து பாருங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதுதான் இது. அந்த நாத்தனார் எப்போது மருத்துவமனைக்குப் போனார்? நோய் முற்றிய பிறகு. முற்றிய நோய் மூன்று மாதத்தில் கொன்றது. நடுவில் கத்தி வந்தது. பழி கத்தியின்மேல் விழுந்தது. தாமதத்தால் இறப்பு, இறப்பால் கத்தியின்மேல் அச்சம், அச்சத்தால் அடுத்தவருக்குத் தாமதம்! வட்டம் பூர்த்தியாகிறது. சதைச் சோதனையால் நோய் பரவுவது மிக மிக அரிது. நோய் இன்னதென்று தெரியாமல் மருத்துவம் செய்ய முடியாது.

அத்தைக்குக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர் மருத்துவம். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டும் சில மாதங்களும் இருந்தார். பேச்சுக் குழறும், கூழும் கஞ்சியும்தான் உணவு. "உனக்குத் தெரியாதா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

கைவிளக்கும் வினிகரும்

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டுமென்று நினைக்காதீர்கள். 1996இல் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, மக்களின் வாய்க்குள் வெளிச்சம் காட்டிக் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சில ஊராட்சிகளில் மட்டும் இதைச் செய்து, மற்றவற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 2005இல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப்புற்றால் ஏற்பட்ட இறப்பு 34 விழுக்காடு குறைவு! வெளிச்சமும் கண்ணும்தான் கருவிகள். என் சட்டைப் பையில் இருந்த விளக்கை நினைத்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொரு ஆய்வு நடந்தது. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய சமையல் வினிகரைத் தடவினால், மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே ஊர்களில் வைத்து இதைச் செய்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவின்படி கருப்பை வாய்ப் புற்றால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. இதைவிட என் கவனத்தைக் கவர்ந்தது வேறோர் எண். 2000 முதல் 2003 வரை அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். சோதனையே ஊர் தேடி வந்தபோதும் 17,968 பேர் வரவில்லை. எல்லாக் கதவுகளையும் ஒரே சாவியால் திறக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்? உணர்ச்சியால் அளப்பதை விட்டுவிட்டு நாட்காட்டியால் அளக்கலாம். நாட்காட்டிக்கு வலி தேவையில்லை, அச்சமும் கிடையாது. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் அல்லது இருமல் ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பிலோ கழுத்திலோ புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்குவதில் தடை, மலத்திலோ வேறு வழியிலோ வழக்கத்துக்கு மாறாக இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் உதிரப்போக்கு ஆகியவற்றுக்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. போகிறவர்களில் பெரும்பாலோருக்கு "ஒன்றுமில்லை" என்றுதான் விடை கிடைக்கும். வீண் அலைச்சல் என்று அதைச் சொல்லக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் சுழிப்பிழை இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஓர் அளவீடுதானே.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் தங்களைத் தாங்களே தினமும் பார்க்கிறார்கள். நேற்றோடு இன்றை ஒப்பிடுகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள். மாற்றம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

என் தொண்டை

இவ்வளவும் எழுதியவன் கதையையும் கேளுங்கள். இரண்டாண்டுக்கு முன்பு எனக்குத் தொண்டை கட்டியது. நாள் முழுதும் கத்திப் பாடம் நடத்துகிறோம், சாக்பீஸ் தூசி வேறு என்று விட்டுவிட்டேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். பருவத் தேர்வு முடியட்டும் என்றேன். பிறகு விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் என்றேன். அத்தை சொன்ன அதே சுண்ணாம்புதான். பெயர் மட்டும் சாக்பீஸ்!

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு நாள் மாதக் காலண்டரைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். முதல் தாளில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். "அப்பாவுக்குக் குரல் போன நாள் இது. இன்றைக்கு முப்பத்தாறாவது நாள்" என்றாள். இருபது நாள் இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனேன். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கின் வழியே செலுத்தித் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிராகச் சிறு முடிச்சுகள். ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வருவதுதான் என்றார். சோதனைக்குச் சில நிமிடங்களே ஆயின. "ஏன் சார், இத்தனை நாள் விட்டீர்கள்?" என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது வகுப்பில் ஒலிவாங்கி வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன்.